டிஸ்னி பார்க்ல டி.ஏ.எஸ். பாஸ்: யாருக்குக் கிடைக்கும், எப்படிக் கேக்கணும், எப்படி நியாயமா யூஸ் பண்ணணும்

பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கு, ஒரு மணி நேரம் லைன்ல நிக்க வைக்கவே முடியாது, ஆனா ஃபுளோரிடால ஆர்லாண்டோவுல இல்ல கலிஃபோர்னியால அனஹைம்ல இருக்கற டிஸ்னி பார்க்குக்குப் போகணும்னு ஆசையா இருக்குன்னு நினைக்கற அப்பா அம்மாக்களுக்காக இத எழுதறேன். அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கும் சரி, ஊர்ல இருந்து விசிட்ல வர்றவங்களுக்கும் சரி, ரூல் ஒண்ணுதான். எங்க பையனும் ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்ல இருக்கான், அதனால இந்த பாஸ் பத்தி நம்ம ஆளுங்க நடுவுல சுத்தற தப்புத் தப்பான தகவல் எல்லாம் காதுல விழும்போது ரொம்ப கஷ்டமா இருக்கும்.

மொதல்ல ஒரு விஷயத்த மனசுல வாங்கிக்கோங்க. டி.ஏ.எஸ்.ங்கறது, அதாவது டிசெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ், காத்திருக்கவே வேண்டாம்னு குடுக்கற பாஸ் இல்ல. லைன்ல நின்னு காத்திருக்க முடியாதவங்க வேற எங்கயாவது காத்திருந்துட்டு வரட்டும்னு குடுக்கறது. இப்போ மணி 11, ஒரு ரைடுக்கு முன்னாடி போர்டுல 60 நிமிஷம்னு போட்டிருக்குன்னு வைங்க. டிஸ்னி ஆப்ல அந்த ரைட செலக்ட் பண்ணா உங்களுக்கு 11:50க்கு ரிட்டர்ன் டைம், அதாவது திரும்பி வர வேண்டிய நேரம் வரும், அப்போ லைன் எவ்வளவு நேரம் இருக்கோ அத விட 10 நிமிஷம் கம்மியா. அந்த 50 நிமிஷமும் நீங்க காத்திருக்கறீங்க, அது கயிறு கட்டின லைன்ல இல்லாம ஒரு மர நிழல்ல, இல்ல சாப்பாட்டுக் கடையில. 11:50க்கு அப்புறம் எப்போ வேணா போய் லைட்னிங் லேன் வழியா, அதாவது காசு குடுத்தவங்களும் பாஸ் இருக்கறவங்களும் போற தனி சின்ன லைன் வழியா, உள்ள போலாம். ஒரு நேரத்துல ஒரு ரைடுக்குத்தான் எடுக்க முடியும், அத யூஸ் பண்ணி முடிச்சாத்தான், இல்ல கேன்சல் பண்ணாத்தான் அடுத்தது.

இந்த முறை ஏன் வந்ததுன்னு தெரிஞ்சாதான் இன்னிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடின்னு புரியும். 2013 வரைக்கும் கெஸ்ட் அசிஸ்டன்ஸ் கார்டுன்னு ஒண்ணு இருந்தது. பேப்பர் கார்டு, அத காட்டினா பல ரைடுல அப்பவே உள்ள விட்டுடுவாங்க, திரும்பத் திரும்ப ஏறலாம். அந்த வருஷம் மே மாசம் நியூயார்க் போஸ்ட்ல ஒரு செய்தி வந்தது, மன்ஹாட்டன் பணக்காரக் குடும்பங்க சில பேர் மாற்றுத்திறனாளி கைடுகள மணிக்கு 130 டாலர் குடுத்து வாடகைக்கு எடுத்து அவங்க கார்டுல லைன் தாண்டிப் போறாங்கன்னு. பெரிய கொந்தளிப்பு ஆச்சு. அந்த அக்டோபர்லயே டிஸ்னி பழைய கார்ட எடுத்துட்டு டி.ஏ.எஸ். கொண்டுவந்தாங்க. எங்களுக்கு இது பத்தாது, எங்க பிள்ளைங்க வெளியிலயும் காத்திருக்க மாட்டாங்கன்னு பல குடும்பங்க கோர்ட்டுக்குப் போனாங்க. அந்த வழக்கு ஒண்ணுல வந்த கணக்கு எனக்கு மறக்காது: பழைய கார்டு வெச்சிருந்தவங்க மொத்தக் கூட்டத்துல 3.3 சதவீதம்தான், ஆனா டாய் ஸ்டோரி மேனியா ரைடுல ஏறினவங்கள்ல 30 சதவீதம் அவங்க. 2020ல கோர்ட் டிஸ்னி பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, உடனே உள்ள விடணும்னு கேக்கறது நியாயமான மாற்றத்துக்கு மேல போகுதுன்னு. 2022ல அப்பீல்லயும் அதுவே நின்னுச்சு.

1990ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், அமெரிக்காவுல ஏ.டி.ஏ.ன்னு சொல்வாங்க, அதுல இருக்கறதும் இதே கணக்குதான். மத்தவங்களுக்கு கிடைக்கற அனுபவம் மாற்றுத்திறனாளிக்கும் கிடைக்கணும், அதுக்கு நியாயமா பண்ணக்கூடிய மாற்றத்த பண்ணித் தரணும், ஆனா அந்த சேவையோட அடிப்படையே மாறிப்போற அளவுக்கு பண்ணச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சமமா கிடைக்கணும்னுதான் சட்டம் சொல்லுது, மத்தவங்கள விட அதிகமா கிடைக்கணும்னு சொல்லல.

அப்புறம் 2024ல மறுபடியும் மாத்தினாங்க. அஞ்சு வருஷத்துல டி.ஏ.எஸ். யூஸ் பண்றவங்க எண்ணிக்கை மூணு மடங்குக்கு மேல ஆயிடுச்சுன்னு டிஸ்னி சொல்லுச்சு. ஃபுளோரிடால மே 20ல இருந்தும் கலிஃபோர்னியால ஜூன் 18ல இருந்தும் புது ரூல்: ஆட்டிசம் மாதிரி வளர்ச்சி சார்ந்த குறைபாட்டால வழக்கமான லைன்ல ரொம்ப நேரம் நிக்க முடியாதவங்களுக்குத்தான் இது. இதனால குடல் நோய் இருக்கறவங்க, நின்னா மயக்கம் வர்றவங்க, இப்படி நிஜமாவே கஷ்டப்படறவங்க பல பேர் வெளிய போயிட்டாங்க. 2025ல கேஸும் போட்டாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. பொய் சொல்லி பாஸ் வாங்கினவங்களுக்கு ஒண்ணும் ஆகல, அவங்க அடுத்த வழி பார்த்துக்குவாங்க. நிஜமா தேவைப்பட்டவங்கதான் இப்போ ஒரு கேமரா முன்னாடி உக்காந்து தன் உடம்பு ஏன் நிக்க முடியலன்னு முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட விளக்கிட்டு இருக்காங்க.

நம்ம குடும்பங்கள்ல அடிக்கடி வர்ற ஒரு கேள்விக்கு இங்கயே பதில் சொல்லிடறேன். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அம்மாவுக்கு முட்டி வலி, வீல்சேர் எடுத்தா எல்லாரும் லைன் தாண்டிப் போயிடலாமாமே? இல்ல. ஃபுளோரிடா பார்க்ல பெரும்பாலான லைன் வீல்சேர் போற அகலத்துலதான் கட்டியிருக்காங்க, அதனால வீல்சேர்ல இருக்கறவங்க எல்லார் கூடவும் அதே லைன்லதான் வரணும். கலிஃபோர்னியா பார்க் பழசு, அங்க சில ரைடுக்கு வீல்சேர் லைனுக்குள்ள போகாது, அந்த மாதிரி இடத்துல ரைடு வாசல்லயே லைன் நேரத்துக்கு ஏத்த ரிட்டர்ன் டைம் குடுப்பாங்க, அதுக்கு டி.ஏ.எஸ். தேவையே இல்ல. அம்மாவால நடக்க முடியலன்னா தாராளமா வீல்சேர் எடுங்க, பார்க் வாசல்லயே வாடகைக்கு இருக்கும், காலையில சீக்கிரம் போனா கிடைக்கும். ஆனா லைன் தாண்டறதுக்குன்னு நல்லா நடக்கற மனுஷிய அதுல உக்கார வைக்காதீங்க. அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல, நிஜமா வீல்சேர் வேணும்ங்கற ஒருத்தருக்கு அன்னிக்கு அது கிடைக்காமப் போகும்.

சரி, எப்படிக் கேக்கறதுன்னு பார்க்கலாம். டிஸ்னி ஆப்ல எல்லாருக்கும் டிக்கெட்ட லிங்க் பண்ணி வைங்க. போற தேதிக்கு முன்னாடியே லைவ் வீடியோ கால்ல ரெஜிஸ்டர் பண்ணலாம், டிஸ்னி வெப்சைட்ல டி.ஏ.எஸ். பக்கத்துல லிங்க் இருக்கும். கடைசி நேரத்துக்கு வைக்காதீங்க, லீவ் சீசன்ல காத்திருக்க வேண்டி வரும், அதோட பதில் இல்லைன்னு வந்தா வேற பிளான் போட டைம் வேணும். யாருக்கு பாஸ் வேணுமோ அவங்க கால்ல இருக்கணும், சின்னப் பிள்ளையா இருந்தாலும் சரி. பார்க்குக்கு போன அப்புறமும் கேக்கலாம், ஆனா வெயில்ல, சத்தத்துல, பிள்ளை ஏற்கனவே தவிச்சிட்டிருக்கும்போது அந்தப் பேச்சு பேசறது ரொம்ப கஷ்டம்.

டாக்டர் சர்ட்டிஃபிகேட் எல்லாம் டிஸ்னி கேக்கறதில்ல. அதனால நீங்க என்ன சொல்றீங்கங்கறதுதான் எல்லாம். இங்கதான் நம்ம ஆளுங்க தடுமாறுவாங்க. டயக்னோசிஸ் பேர சொல்லிட்டு நிறுத்திடுவாங்க, இல்ல கூட்டம் பிடிக்காது, பொறுமை இல்லன்னு பொதுவா சொல்லுவாங்க. பொறுமை எந்தக் குழந்தைக்குத்தான் இருக்கு? அவங்க தெரிஞ்சுக்க விரும்பறது, லைன்ல நிக்கும்போது என்ன நடக்குதுன்னு. எங்க பையன் விஷயத்துல அது இப்படி இருக்கும்: லைன் நகர்ற வரைக்கும் ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டு எண்ணிட்டே வருவான், லைன் நின்னுடுச்சுன்னா அடுத்த கம்பம் வரல, அது ஏன்னு அவனுக்குப் புரியாது, மொதல்ல காதப் பொத்துவான், அப்புறம் முன்னாடி நிக்கறவங்க முதுகுல தலைய முட்டுவான், அதுக்கு மேல போனா கயித்துக்குக் கீழ பூந்து ஓடுவான், பிடிச்சா தரையில படுத்துடுவான், திரும்ப அமைதியாக அரை மணிக்கு மேல ஆகும். இத அப்படியே சொல்லணும். எவ்வளவு நேரத்துல ஆரம்பிக்குது, ஏர்போர்ட் செக்யூரிட்டில என்ன ஆச்சு, கோயில்ல பிரசாத லைன்ல என்ன ஆச்சு, என்ன பண்ணா அடங்குவான், ஹெட்ஃபோன் போட்டுப் பார்த்தீங்களா, போட்டும் ஏன் பத்தலன்னு சொல்லுங்க. இங்கிலீஷ்ல கோர்வையா பேச வராதுன்னு தயக்கம் இருந்தா அஞ்சாறு வரி எழுதி பக்கத்துல வெச்சுக்கோங்க, பார்த்துப் படிச்சாக்கூட ஒண்ணும் தப்பில்ல.

இன்னொண்ணு, வெளி மனுஷங்க முன்னாடி பிள்ளைய விட்டுக் குடுத்துப் பேச நமக்கு வாய் வராது. இப்போ எவ்வளவோ பரவாயில்ல, கணக்கு சூப்பரா போடுவான், ஸ்கூல்ல நல்ல பேருன்னு ஆரம்பிச்சிடுவோம். எல்லாம் உண்மைதான், ஆனா இந்தக் கால் அதுக்கு இல்ல. நல்ல நாள்ல எப்படி இருப்பான்னு சொன்னா நல்ல நாளுக்கான பதில்தான் வரும். அதே சமயம் பிள்ளை பக்கத்துல உக்காந்து கேட்டுட்டு இருக்கான்ங்கறதையும் மறக்காதீங்க, பேச்சு வராத பிள்ளையா இருந்தாலும் எல்லாம் காதுல விழும். அதனால கால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவன்கிட்ட சொல்லிடுங்க, லைன்ல நிக்கறது உனக்குக் கஷ்டம்னு எங்களுக்குத் தெரியும், அதுக்கு உதவி கேக்கத்தான் பேசப்போறோம், உன்னப் பத்தி குறை சொல்லல அப்படின்னு. வளந்த பிள்ளைன்னா அவங்களையே ரெண்டு வார்த்தை பேச விடுங்க.

இல்லாதத சொல்லாதீங்க. பொய்ன்னு தெரிஞ்சா பார்க்குக்குள்ள வரவே நிரந்தரத் தடை, டிக்கெட் காசும் திரும்ப வராதுன்னு டிஸ்னி எழுதியே வெச்சிருக்காங்க. யாரோ சொல்லிக்குடுத்த பதில மனப்பாடம் பண்ணிட்டுப் போனா அடுத்த கேள்வியில மாட்டிக்குவீங்க, டிஸ்னி இதுக்குன்னு வெளியில இருந்து ஹெல்த் புரொஃபஷனல்ஸையும் வெச்சிருக்காங்க, தேவைப்பட்டா அவங்க கால்ல வருவாங்க.

பாஸ் கிடைச்சா, பாஸ் உள்ளவரோட சேர்த்து 4 பேர், இல்ல சொந்தக் குடும்பம் கொஞ்சம் பெருசுன்னா அவங்க, இவ்வளவுதான் கூடப் போலாம். தாத்தா பாட்டி, சித்தி குடும்பம், ஃப்ரெண்டு குடும்பம்னு படையா போனா எல்லாரையும் சேர்க்க மாட்டாங்க. யாரு அவன் கூட, யாரு மத்த லைன்லன்னு வீட்டுலயே பேசி முடிச்சிடுங்க, வாசல்ல நின்னு முகம் சுளிக்கற மாதிரி ஆகக்கூடாது. சொந்தக்காரங்க சில பேருக்கு பிள்ளையோட டயக்னோசிஸ் இன்னும் சொல்லாம இருப்பீங்க, பாஸ் வாங்கினா அது வெளிய வந்துடும், அதுக்கும் மனசத் தயார் பண்ணிக்கோங்க.

நியாயம்னு எடுத்துக்கிட்டா எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது இந்த இடம்தான். பாஸ் யார் பேர்ல இருக்கோ அவங்க அந்த ரைடுல ஏறணும், இதுதான் ரூல். பிள்ளைக்கு ரோலர் கோஸ்டர்னா பயம், ஆனா மாமாவுக்கு ஆசை, அதனால அவன் பேர்ல ரிட்டர்ன் டைம் எடுத்து அவன இழுத்துட்டுப் போய் வாசல்ல விடறது கூடவே கூடாது. லைட்னிங் லேன்ல வர்ற ஒவ்வொருத்தரும் ஸ்டாண்ட்பை லைன்ல, அதாவது வழக்கமான லைன்ல, நிக்கற ஒருத்தரோட இடத்துல ஏறறாங்க, ரைடுல சீட் அதேதானே. உள்ள ரெண்டு லைனும் சேர்ற இடத்துல நின்னு பாருங்க, ஊழியர் லைட்னிங் லேன்ல இருந்து ஒரு பெரிய கூட்டத்த விட்டுட்டு அப்புறம் இந்தப் பக்கம் கொஞ்சம் பேர விடுவாங்க. அந்த ஸ்டாண்ட்பை லைன்ல பாஸ் கிடைக்காம வலியோட நிக்கற யாரோ ஒருத்தர் இருப்பாங்க. ஒரு ரைடு எடுக்கும்போது எனக்குள்ள கேக்கற கேள்வி ஒண்ணுதான்: இது அவனுக்காகவா, எங்களுக்காகவா?

அதே நேரம் ஸ்டாண்ட்பைல நிக்கற சிலர் முறைச்சுப் பார்ப்பாங்க, பிள்ளை பார்க்க நல்லாத்தானே இருக்கான்னு. அவங்களுக்கு நீங்க விளக்கம் சொல்லணும்னு அவசியமே இல்ல. அந்த லேன்ல உங்க கூட வர்றவங்கள்ல நிறைய பேர் காசு குடுத்து வர்றவங்க. 2024 அக்டோபர்ல ஃபுளோரிடால பிரீமியர் பாஸ்னு ஒண்ணு விட்டாங்க, ஆரம்பத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 129ல இருந்து 449 டாலர் வரைக்கும், ரிட்டர்ன் டைம் கூட இல்ல, நேரா போலாம். அவங்கள ஒருத்தரும் உனக்கு என்ன கஷ்டம்னு கேக்கறதில்ல. லைன் நீளுதுன்னு கோவம் வந்தா அந்தக் கோவம் முழுசும் மாற்றுத்திறனாளிகள் மேலயே ஏன் விழணும்னு எனக்குப் புரியல.

யூஸ் பண்ணும்போது சில விஷயம். ரிட்டர்ன் டைம் ஆனதும் லைட்னிங் லேன்லயும் கொஞ்சம் காத்திருக்கணும், கூட்ட நாள்ல 10, 20 நிமிஷம் ஆகலாம், பாஸ் இருக்கு உடனே ஏறிடலாம்னு பிள்ளைக்கு வாக்குக் குடுத்துடாதீங்க. ஹான்டட் மேன்ஷன் மாதிரி ரைடுல ஏறறதுக்கு முன்னாடியே எல்லாரையும் ஒரு ரூம்ல அடைச்சு லைட்ட அணைச்சு அலற விடுவாங்க, எந்த ரைடுல இருட்டு, எதுல பெரிய சத்தம்னு டிஸ்னியே ஒரு கைடு போட்டிருக்காங்க, வீட்டுலயே படிச்சுட்டுப் போங்க. காத்திருக்கற நேரத்துல ஃபுளோரிடாவுல மேஜிக் கிங்டம் பார்க்ல பீப்பிள் மூவர் ரைடு நல்லது, பெரும்பாலும் லைன் வேகமா நகரும், மெதுவா போகும், எங்க பையனுக்கு அதுதான் மத்த எந்த ரைடையும் விடப் பிடிக்கும். ஃபர்ஸ்ட் எய்ட் சென்டர் எங்க இருக்குன்னு உள்ள போனதும் பார்த்து வெச்சுக்கோங்க, ரொம்ப முடியாம ஆனா அங்க கொஞ்ச நேரம் அமைதியா படுக்க வைக்கலாம்.

பாஸ் இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா அழுது சண்டை போட்டு அந்த நாள கெடுத்துக்காதீங்க, வேற வழிங்க இருக்கு, பாஸ் கிடைச்சவங்களுக்கும் இதெல்லாம் உதவும். பார்க்கோட உதவி கவுன்ட்டரான கெஸ்ட் ரிலேஷன்ஸ்ல போய் ஸ்ட்ரோலர வீல்சேர் மாதிரி எடுத்துட்டுப் போக ஒரு டேக் கேளுங்க. அது இருந்தா ஸ்ட்ரோலர வாசல்ல விடாம லைனுக்குள்ளயே தள்ளிட்டுப் போலாம், மூடி இழுத்து விட்டு ஹெட்ஃபோன் போட்டா பிள்ளைக்கு அதுவே ஒரு தனி ரூம் மாதிரி. ரைடர் ஸ்விட்ச் இருக்கு: உயரம் பத்தாத பிள்ளையோ ஏற விரும்பாத பிள்ளையோ இருந்தா ஒருத்தர் அவங்க கூட வெளிய இருக்கலாம், மத்தவங்க ஏறிட்டு வந்ததும் இவர் முழு லைன் நிக்காம ஏறலாம். லைன் நடுவுல பாத்ரூம் போக வேண்டியவங்களுக்கு, வெளிய போயிட்டு திரும்ப உங்க ஆளுங்க கூட சேர்ந்துக்க வழி இருக்கு, அத லைன்ல நுழையும்போதே வாசல்ல நிக்கற ஊழியர்கிட்ட சொல்லுங்க. உள்ள போயிட்டு கூட்டத்த இடிச்சுட்டு வெளிய வர்றதுக்கு இது எவ்வளவோ மேல். பார்க் திறக்கறதுக்கு முன்னாடியே வாசல்ல நில்லுங்க, மொத ஒரு மணி நேரத்துல முடிக்கறத மத்தியானம் மூணு மணி நேரம் ஆனாலும் முடிக்க முடியாது. ஒரு நாள்ல எல்லாத்தையும் பார்க்கணும்னு பிளான் போடாம பிள்ளைக்குப் பிடிச்ச மூணு ரைட எழுதி வெச்சுக்கோங்க, மத்தது கிடைச்சா போனஸ்.

டிஸ்னி இல்லாம யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்குக்குப் போறவங்களுக்கு முறையே வேற. அங்க மொதல்ல ஐ.பி.சி.சி.ஈ.எஸ்.ங்கற அமைப்போட ஆக்சசிபிலிட்டி கார்டுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணணும், ஃப்ரீதான், ஆனா டாக்டர் லெட்டர் மாதிரி ஆதாரம் அப்லோட் பண்ணணும், போறதுக்கு 48 மணி நேரத்துக்கு முன்னாடியாவது முடிச்சிருக்கணும். ஊர்ல இருந்து வர்றவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல லெட்டர் வாங்கி வெச்சுக்கோங்க, பிள்ளைக்கு லைன்ல நிக்கறதுல என்ன கஷ்டம்னு அதுல எழுதச் சொல்லுங்க, வெறும் டயக்னோசிஸ் பேரு மட்டும் போட்ட லெட்டர் பத்தாம போகலாம். அப்புறம் யூனிவர்சல் ஆளுங்க உங்ககிட்ட பேசி அட்ராக்ஷன்ஸ் அசிஸ்டன்ஸ் பாஸ் குடுப்பாங்க. அங்க போர்டுல 30 நிமிஷத்துக்குக் கம்மியா இருந்தா அப்பவே வேற வழியா உள்ள விடுவாங்க, அதுக்கு மேலன்னா ரிட்டர்ன் டைம். சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பார்க்குக்கும் இதே கார்டுதான். ஆதாரம் கேக்கற முறை நல்லதா கேக்காத முறை நல்லதான்னு ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கு ஆதாரம் குடுக்கறதுதான் சுலபமா இருக்கு, ஒரு பேப்பர அனுப்பிட்டா பிள்ளை முன்னாடி அவனப் பத்தி அவ்வளவு பேச வேண்டியதில்ல. ஆனா இன்ஷூரன்ஸ் இல்லாம, இன்னும் டயக்னோசிஸே கிடைக்காம வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கற குடும்பங்களுக்கு அந்தப் பேப்பரே பெரிய தடை.

ரூல் எல்லாம் அடிக்கடி மாறும், பாஸ் எத்தன நாள் செல்லும்ங்கறது உட்பட, அதனால டிக்கெட் புக் பண்றதுக்கு முன்னாடி அந்தந்த பார்க்கோட வெப்சைட்ல ஆக்சசிபிலிட்டி பக்கத்த ஒரு தடவை படிச்சிடுங்க, போன வருஷம் போயிட்டு வந்த ஃப்ரெண்டு சொன்னத மட்டும் நம்பிப் போகாதீங்க.